பெயரும் வாடகையும்: இணையத்தின் புதிய பின்னொட்டுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எமது பாடசாலைகளும் வாசிகசாலைகளும் ஆசிரியர் சங்கங்களும் சிறு சஞ்சிகைகளும் இன்று இணையத்திலே தமக்கென ஒரு முகவரியை அமைத்துக்கொள்ள முற்படுகின்றன. அவ்வாறு முற்படும் எவரும் முதற்படியிலேயே ஒரு கடைவீதிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. 'கொம்', 'ஓர்க்', 'நெற்' என்னும் பழைய பின்னொட்டுகளோடு 'சொப்', 'ஒன்லைன்', 'கிளப்' முதலாய நூற்றுக்கணக்கான புதிய பின்னொட்டுகள் அங்கே விலை கூறப்படுகின்றன. முதலாண்டுக்கு அற்ப கட்டணமே என்கிறது ஒரு விளம்பரம். இன்றே வாங்காவிடின் நாளை வேறொருவர் வாங்கிவிடுவார் என அச்சமூட்டுகிறது மற்றொன்று. இவற்றை வாங்குவதாற் பயனுண்டா என்னும் கேள்வி வணிகர் தம்முள் விவாதிக்கும் விடயமாகவே இதுவரை விடப்பட்டுள்ளது. ஆயின், இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன, இவற்றை விற்கும் உரிமை எவருக்கு எவ்வாறு கிட்டியது என வரலாற்று வழிநின்று நோக்குமிடத்து, இது வெறும் வியாபாரக் கேள்வியன்று என்பது புலனாகும். பொதுவில் ஆக்கப்பட்ட ஒன்று, சிலர் வாடகை அறவிடும் நிலமாக மாறிய கதையே அதனுள் அடங்கியிருக்கிறது.

முதலிலே சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ் இலக்கணத்திற் பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரிப்பதுபோல இணைய முகவரியையும் புள்ளியை எல்லையாக வைத்துப் பிரிக்கலாம். புள்ளிக்கு முன் நிற்பது நாம் தெரிந்தெடுக்கும் பெயர். கடைசிப் புள்ளிக்குப் பின் நிற்பது பின்னொட்டு. ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவேடும், அப்பதிவேட்டைப் பேணும் ஒரு பதிவகமும் உண்டு. பின்னொட்டுகள் யாவும் அடங்கிய ஒரேயொரு மூலப்பட்டியல் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கிறது. அதில் இடம்பெறாத பின்னொட்டு உலகின் கணினிகளுக்குத் தெரியாது. 'பெயர் வாங்குதல்' என நாம் கூறுவது உண்மையில் வாங்குதலன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இப்பொதுப் பின்னொட்டுகளின் கீழ் ஒரு பெயரை ஓராண்டு முதல் பத்தாண்டு வரையிலேயே பதியலாம். தவணை முடியுமுன் மீண்டும் கட்டணம் செலுத்தாவிடின் அது கைநழுவிப் போகும். நிலத்தின் மொழியிற் சொல்வதாயின், எம்மிடம் உறுதி இல்லை. குத்தகைச் சீட்டே இருக்கிறது.

இக்குத்தகை முறை ஆதியிலிருந்ததன்று. 1970-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்திலே, பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைத்த ஒரு கணினி வலையமைப்பு இயங்கியது. அதிலிருந்த கணினிகளின் பெயர்கள் யாவும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்ணியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்திலே, எலிசபெத் பைன்லர் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு சிறு குழு அக்கோப்பைப் பேணியது. புதிய கணினியொன்றை வலையிற் சேர்ப்பவர் அக்குழுவுக்கு அறிவிப்பார். குழு பெயரைப் பதியும். ஏனையோர் கோப்பைப் பிரதிசெய்துகொள்வர். கட்டணம் என்ற பேச்சே அங்கிருக்கவில்லை.

கணினிகள் பெருகவே ஒரே கோப்பு போதாமற் போயிற்று. 1983-இல், தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த போல் மொக்கபெட்றிஸ், பெயர்களைப் படிமுறையாகப் பகுத்துப் பல இடங்களிலே பேணும் முறையை வகுத்தார். இன்றுவரை வழங்குவது அம்முறையே. அதே நிலையத்தவரான ஜோன் போஸ்ரெல், மற்றொருவருடன் சேர்ந்து 1984 ஒக்டோபரில் வெளியிட்ட ஆவணத்திலே முதற் பின்னொட்டுகள் வரையறுக்கப்பட்டன. வணிகத்துக்குக் 'கொம்', கல்விக்கு 'எடு', அரசுக்குக் 'கொவ்', இராணுவத்துக்கு 'மில்', ஏனைய அமைப்புகளுக்கு 'ஓர்க்' என்பன அவை. 'நெற்' அடுத்த ஆண்டிலே சேர்ந்தது. இவற்றுடன் ஒவ்வொரு நாட்டுக்கும் ஈரெழுத்துப் பின்னொட்டு ஒன்றும் விதிக்கப்பட்டது.

இப்பகுப்பிலேயே ஓர் ஏற்றத்தாழ்வு புதைந்திருந்தமை நோக்கற்பாலது. அமெரிக்க அரசும் அமெரிக்க இராணுவமும் நாட்டுப் பெயரற்ற பின்னொட்டுகளைத் தமதாக்கிக்கொண்டன. ஏனைய நாடுகளின் அரசுகள் தத்தம் நாட்டுக் குறியைச் சுமக்க வேண்டியவாயின. தபால்தலையிலே நாட்டின் பெயரைப் பொறியாதிருக்கும் சலுகை முத்திரையை முதலில் வெளியிட்ட பிரித்தானியாவுக்கு வாய்த்ததுபோல, வலையை முதலில் அமைத்தவருக்கு இச்சலுகை வாய்த்தது. எனினும், பெயர்களை விற்பனைப் பண்டமாகக் கருதும் எண்ணம் அதனை அமைத்தவரிடம் இருக்கவில்லை. பின்னொட்டுகளைப் பொறுப்பேற்போர் உரிமை, உடைமை என்று பேசுவது பொருந்தாது, சமூகத்துக்குரிய கடமையும் சேவையுமே அவர்தம் கவனத்துக்குரியன என்ற கருத்தைப் போஸ்ரெல் 1994-இல் எழுதிய ஆவணமொன்றிலே தெளிவாகக் குறித்தார்.

அக்கருத்து எழுதப்பட்ட காலத்திலேயே அதன் அடிப்படை ஆட்டங்காணத் தொடங்கிவிட்டது. 1993 முதல் பெயர்ப் பதிவு வேலையை அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்துடன் செய்த உடன்படிக்கையின் பேரில் நெற்வேர்க் சொலூசன்ஸ் என்னும் தனியார் கம்பனி நடத்தியது. அதுவரை செலவு மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுபட்டது. பெயர் பெறுவோர் எதுவும் செலுத்தவில்லை. 1995-இல் அக்கம்பனியை வேறொரு பெரிய கம்பனி ஐம்பது இலட்சம் டொலருக்கும் குறைந்த விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு செப்டெம்பரிலே, ஒரு பெயருக்கு ஆண்டொன்றுக்கு 50 டொலர் வீதம் அறவிட அனுமதி கிடைத்தது. ஐந்தாண்டுகள் கழிந்து, 2000 மார்ச்சில், வெரிசைன் கம்பனி அதனைச் சுமார் 2,100 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது.

இம்மதிப்பு எங்கிருந்து பிறந்தது? பதிவேடு ஒன்றில் ஒரு வரியை எழுதுவதற்கு வேண்டிய உழைப்பு அவ்வாண்டுகளிலே பன்மடங்கு பெருகிவிடவில்லை. பெருகியது இணையத்தின் பயன்பாடு. இலட்சக்கணக்கானோர் எழுதினர், தேடினர், கற்றனர், வணிகஞ் செய்தனர். அவர்களுடைய நடமாட்டமே பெயருக்குப் பெறுமதியைக் கொடுத்தது. புகையிரத நிலையம் கட்டப்பட்டதும் அருகிலுள்ள காணியின் வாடகை உயர்கின்றது. நிலவுடையவர் ஒரு கல்லையும் எடுத்துவைத்தாரில்லை. சமூகத்தின் உழைப்பால் விளையும் பெறுமதியை இடத்துக்கு உரிமை கொண்டாடுவோர் எடுத்துக்கொள்ளும் இந்நியதியே இணையப் பெயர்களிலும் செயற்பட்டது.

இக்காலப்பகுதியின் மனநிலையை ஒரு சிறு நிகழ்ச்சி காட்டும். 1994-இல் ஜோசுவா குவிட்னர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், மக்டொனால்ட்ஸ் உணவுக் கம்பனியின் பெயரை எவரும் பதியவில்லை எனக் கண்டு, தாமே பதிந்துகொண்டு, அதைப்பற்றிக் கட்டுரையும் எழுதினார். பெயரின் அருமையை அக்கம்பனி அப்போது உணர்ந்திருக்கவில்லை. பின்னர், பாடசாலையொன்றின் கணினித் தேவைக்காக 3,500 டொலர் வழங்க அது இசைந்தமையால் அவர் பெயரைக் கையளித்தார். இதே கம்பனியை நாம் மீண்டும் சந்திக்கவிருக்கிறோம்.

புதிய பின்னொட்டுகள் வேண்டும் என்ற கோரிக்கை முதலில் எழுந்ததற்கு நேர்மையான காரணம் இருந்தது என்பதையும் மறுத்தலாகாது. 'கொம்' ஒருவர் கையிற் குவிந்துவிட்டது; அவ்வேகபோகத்தை உடைக்க வேறு பதிவகங்கள் வேண்டும் என 1996-இல் போஸ்ரெலே எண்ணினார். ஏறத்தாழ 150 புதிய பின்னொட்டுகளைத் தோற்றுவிக்கும் திட்டமொன்றை அவர் முன்வைத்தார். அது நிறைவேறவில்லை. 1998 ஜனவரியில், மூலப்பட்டியலைத் தம் நிலையத்துக் கணினியிலிருந்து பெறும்படி அவர் கேட்டுக்கொள்ள, பட்டியலைத் தாங்கிய கணினிகளிற் பலவற்றின் பொறுப்பாளர் அதற்கு இசைந்தனர். அமெரிக்க அரசு தலையிட்டதும் யாவும் பழைய நிலைக்குத் திரும்பின. பட்டியலின் கடிவாளம் எவர் கையில் இருந்தது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. அவ்வாண்டு செப்டெம்பரிலே ஐகான் எனப்படும் இலாபநோக்கற்ற கூட்டுத்தாபனம் கலிபோர்ணியாவிலே நிறுவப்பட்டது. ஒக்டோபரில் போஸ்ரெல் காலமானார். பட்டியலின் மீதான அமெரிக்க அரசின் நேரடி மேற்பார்வை 2016 ஒக்டோபர் வரை நீடித்தது.

ஐகான் 2000-இல் ஏழு பின்னொட்டுகளைத் தெரிந்தது: 'இன்போ', 'பிஸ்', 'நேம்', 'புறோ', 'ஏரோ', 'கூப்', 'மியூசியம்' என்பன. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அரும்பொருட்சாலைகளுக்கும் தனிப் பின்னொட்டு அமைந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் 'கொம்' அசையவில்லை. மக்கள் நாவிலும் நினைவிலும் ஒருமுறை பதிந்துவிட்ட ஒன்றைப் புதிய பதிவேடு ஒன்று இலகுவிற் பெயர்த்துவிட முடியாது. 'இன்போ'வைப் பரப்புவதற்காகச் சிலகாலம் அதனை இலவசமாகவே கொடுக்க வேண்டியிருந்தது.

இக்காலத்தில் ஒரு நல்ல முன்மாதிரியும் தோன்றியது. கற்றலான் மொழி பேசும் மக்கள், தமக்கு ஓர் அரசு இல்லாதிருந்தும், தமது மொழிக்கும் பண்பாட்டுக்குமாகப் பின்னொட்டொன்று கோரி, 2005-இல் 'கற்' என்பதைப் பெற்றனர். அதனை நடத்துவது வணிகக் கம்பனியன்று. அம்மொழிச் சமூகத்தவர் அமைத்த நிறுவனம். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதன் கீழ்ப் பதியப்பட்டன. 2017 செப்டெம்பரில் கற்றலோனியாவின் சுதந்திரம் பற்றிய வாக்கெடுப்புக்கு முன்னதாக ஸ்பானிய அரசின் காவற்படையினர் அந்நிறுவனத்தின் அலுவலகத்தைச் சோதனையிட்டனர். பின்னொட்டு வெறும் அலங்காரமாயின் அரசு அதனை நாடிச் சென்றிராது.

பெருவெள்ளம் 2012-இலே வந்தது. வேண்டியோர் வேண்டிய சொல்லைப் பின்னொட்டாகக் கேட்கலாம் என ஐகான் முந்திய ஆண்டு சிங்கப்பூரிற் கூடித் தீர்மானித்திருந்தது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 185,000 டொலர். 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதிலே இக்கதையின் அரசியல் அடங்கியிருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து 911; ஐரோப்பாவிலிருந்து 675; ஆசிய பசிபிக் பிரதேசத்திலிருந்து 303; இலத்தீன் அமெரிக்காவிலிருந்து 24; ஆபிரிக்கக் கண்டம் முழுவதிலுமிருந்து 17. டோனற்ஸ் என்னும் ஒரு கம்பனி மட்டும் 307 சொற்களைக் கேட்டது. கூகிள் கேட்டது 101. வறிய நாட்டவருக்கும் சமூக அமைப்புகளுக்கும் கட்டணச் சலுகை வழங்கும் திட்டமொன்று இருந்தது. அதற்கு விண்ணப்பித்தோர் மூவரே, தகுதி பெற்றது ஒன்றே. அனைவருக்கும் கதவு திறந்தது என்றனர். வாயிற்படியின் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அக்கூற்றின் பொருள் விளங்காது. அடுத்த சுற்றுக்கு 227,000 டொலர் என அப்படி மேலும் உயர்த்தப்பட்டுள்ளது.

ஒரே சொல்லைப் பலர் கேட்டவிடத்து ஏலம் நடந்தது. 'அப்' என்பதற்குக் கூகிள் 2015-இல் இரண்டரைக் கோடி டொலர் கொடுத்தது. 2016-இல் 'வெப்' பதின்மூன்றரைக் கோடி டொலருக்கு ஏலம் போயிற்று. ஏலத்தில் வென்ற கம்பனிக்குப் பின்னாலிருந்து பணம் கொடுத்தது வேறெவருமல்லர். 'கொம்' பதிவேட்டை வைத்திருக்கும் வெரிசைனே. ஏகபோகத்தை உடைக்கவெனப் பிறந்த எண்ணம், ஏகபோகத்தார் பணங்கொடுத்துப் போட்டியை வாங்க முனையும் சந்தையாக முடிந்தது.

அமேசன் என்ற சொல்லின் கதை இன்னும் தெளிவானது. அது ஒரு மாநதியின் பெயர். அந்நதிக்கரையிலே வாழும் மக்களின் நிலத்துக்கும் பெயர். 1994-இலே தோன்றிய அமெரிக்க வணிகக் கம்பனியொன்று அப்பெயரைச் சூடிக்கொண்டது. 2012-இலே அதனையே பின்னொட்டாகக் கேட்டது. பிரேசிலும் பெருவும் ஆட்சேபித்தன. 2014-இல் ஐகான் விண்ணப்பத்தை நிராகரித்தது. கம்பனி விடவில்லை. 2017-இல் மீளாய்வுக் குழுவொன்று கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அமேசன் நாடுகளின் எதிர்ப்பு ஓயாதிருக்கவே, 2019-இல் பின்னொட்டு கம்பனிக்கே வழங்கப்பட்டது. ஆற்றுக்கும் கடைக்கும் நடந்த வழக்கிலே கடை வென்றது.

இனி, வாங்குவோர் பக்கத்தை நோக்குவோம். புதிய பின்னொட்டுகளை வாங்கியோரிற் பலர் விரும்பி வாங்கியவரல்லர், அஞ்சி வாங்கியவர். 2011-இல் ஆபாசத் தளங்களுக்கென 'மூன்று எக்ஸ்' பின்னொட்டுத் திறக்கப்பட்டபோது, தமது பெயர் அங்கே இழிவுபடாதிருக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில அதனை முன்கூட்டியே வாங்கி மூடிவைத்தன. 2015-இல் வந்த 'சக்ஸ்' என்னும் பின்னொட்டு ஆங்கிலத்திலே பழித்துரைக்கும் கொச்சைச் சொல். வணிகக் குறி உடையோர் தம் பெயரை அதன் கீழ் முந்திப் பதிய 2,499 டொலர் கேட்கப்பட்டது. இதனைக் குறித்து ஐகானே அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவிடம் முறையிட்டது. அச்சுறுத்தும் பதிவேட்டை மூலப்பட்டியலிற் சேர்த்ததும் ஐகானே என்பதை இங்கு மறந்துவிடலாகாது.

அச்சத்துக்கு அடுத்தது தூண்டில். முதலாண்டு மலிவு, இரண்டாமாண்டு முதற் பன்மடங்கு என்பது புதிய பின்னொட்டு வியாபாரத்தின் வழக்கமான நடை. 'கொம்' பெயருக்குப் பதிவகம் அறவிடக்கூடிய தொகைக்கு ஒப்பந்த வரம்பு உண்டு. அது 2020 வரை 7.85 டொலராக இருந்து, படிப்படியாக 2024-இல் 10.26 டொலரானது. புதிய பின்னொட்டுகளுக்கு இத்தகைய உச்சவரம்பே இல்லை. புதுப்பிக்கும் விலையை உயர்த்துவதாயின் ஆறு மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். அதற்குள் பழைய விலையிற் பத்தாண்டு வரை புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது மட்டுமே குத்தகைக்காரருக்குள்ள காப்பு. 2017-இல் பதிவகமொன்று தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பன்மடங்காக உயர்த்தியபோது இக்காப்பு எவ்வளவு மெலிந்தது என்பது தெரிந்தது. மணமக்களுக்கென விற்கப்பட்ட 'வெட்' பின்னொட்டின் பதிவகம், முதலிரு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 50 டொலரும் மூன்றாமாண்டுக்கு 30,000 டொலரும் எனக் கட்டணம் வகுத்தது. அதே 2017-இன் இறுதியில் அப்பதிவகம் இயங்கமுடியாமற் போக, அவசரகால ஏற்பாட்டின் கீழ் வேறு நிறுவனத்தின் பொறுப்பில் அது விடப்பட்டது. மேலும், மிக மலிவாகக் கொடுக்கப்படும் பின்னொட்டுகளை மோசடிக்காரர் பெருமளவிற் பயன்படுத்துவதனால், அவற்றிலிருந்து வரும் நேர்மையான கடிதமும் ஐயத்துக்குள்ளாகின்றது.

செல்வந்தருக்கேனும் இவை பயன்பட்டனவா எனில், மக்டொனால்ட்ஸ் கம்பனியைப் பார்க்கலாம். 1994-இல் தன் பெயரைப் பதியாதிருந்த அதே கம்பனி 2012-இலே இரு பின்னொட்டுகளைக் கேட்டுப் பெற்றது. 2017-இல் இரண்டையும் கைவிட்டது. 2024 இறுதியில் உலகெங்கும் பதிவாகியிருந்த ஏறத்தாழ 36 கோடிப் பெயர்களிலே புதிய பின்னொட்டுகளுக்குரியவை பத்திலொரு பங்களவே. 'கொம்' ஒன்றே 15 கோடிக்கு மேல் இருந்தது.

நாட்டுக்குரிய ஈரெழுத்துகள் சிலவும் இன்று புதுப் பின்னொட்டுகள்போல விற்கப்படுகின்றன. அவற்றின் வரலாறு வேறுபட்ட இரு பாடங்களைத் தருகிறது. பசிபிக் சமுத்திரத்துச் சிறுதீவு நாடான துவாலுவுக்கு 'ரிவி' என்பது வாய்த்தது. தொலைக்காட்சியைக் குறிக்கும் எழுத்துகளாகையால் அதற்குக் கிராக்கி எழுந்தது. அதனைக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற பணத்தின் துணையுடன் அந்நாடு 2000-இல் ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்ந்தது. இந்து சமுத்திரத்துச் சாகோஸ் தீவுகளுக்கு வாய்த்தது 'ஐஓ'. அத்தீவுகளின் தென்னந்தோட்டங்களிலே தலைமுறையாக உழைத்த மக்களை 1968-க்கும் 1973-க்கும் இடையில் பிரித்தானியா வெளியேற்றியது; டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் எழுந்தது. பின்னர் அத்தீவுகளின் பின்னொட்டு கணினித் தொழிலார் விரும்பி வாங்கும் பண்டமாகித் தனியாருக்கு வருவாய் ஈட்டியது. தமக்கும் அதிற் பங்குண்டு எனச் சாகோஸ் மக்கள் குரலெழுப்பினர். 2025 மே மாதத்திலே அத்தீவுகளின் இறைமையை மொரீசியசுக்கு அளிக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. நாட்டுக் குறி மறைந்தாற் பின்னொட்டும் மறையலாம் என்பதற்கு யூகோசிலாவியாவே சான்று. சிதைந்துபோன அந்நாட்டின் 'வையூ' பின்னொட்டு 2010-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இவ்வளவும் கூறியபின், மக்கள் செயலால் எதுவும் ஆகாது என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடுதல் கூடாது. 'ஓர்க்' பின்னொட்டின் வரலாறு அதற்கு மாறானது. தொண்டு நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், கல்வி அமைப்புகள் எனச் சுமார் ஒரு கோடிப் பெயர்கள் அதன்கீழ் உள்ளன. இலாபநோக்கற்ற இணையச் சங்கத்தின் துணை நிறுவனமொன்று 2003 முதல் அதனைப் பேணி வந்தது. 2019 ஜூன் இறுதியில், ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தெழுதியும், 'ஓர்க்'குக்கு இருந்த விலை உச்சவரம்பை ஐகான் நீக்கிற்று. அவ்வாண்டு நவம்பரிலே, ஈதொஸ் கப்பிற்றல் என்னும் முதலீட்டுக் கம்பனிக்கு 113.5 கோடி டொலருக்கு அப்பதிவகத்தை விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. விற்பனைக்குப் பின் பதிவகத்தின் தலையிலேயே 36 கோடி டொலர் கடன் சுமத்தப்படவிருந்தது. அதாவது, வாங்குவோர் பட்ட கடனை உலகத்துத் தொண்டு நிறுவனங்களின் சந்தாவிலிருந்து தீர்ப்பதென்பதே திட்டம்.

எதிர்ப்பு எழுந்தது. நூற்றுக்கணக்கான அமைப்புகள் கையொப்பமிட்டன. 2020 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்சில் ஐகான் அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஏப்பிரலிலே கலிபோர்ணிய மாநிலச் சட்டமா அதிபர் விற்பனையை நிராகரிக்கும்படி எழுதினார். ஏப்பிரல் 30-ஆந் திகதி ஐகான் அனுமதி மறுத்தது. பெயர்களுக்குப் பெறுமதியை அளித்தவர்கள், அப்பெறுமதி விலைபோகும் நேரத்திலே ஒன்றுகூடித் தடுத்த நிகழ்ச்சியாக இது நினைவிற் கொள்ளப்பட வேண்டும்.

எமது மொழிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஆதியில் வகுக்கப்பட்ட முறை இலத்தீன் எழுத்துகளையும் எண்களையும் இணைகோட்டையும் மட்டுமே ஏற்றது. உலகின் பெரும்பான்மையோர் தம் பெயரைத் தம் எழுத்திலே பொறிக்க முடியாதிருந்தனர். தமிழிற் பொறிப்பதை இலத்தீன் எழுத்துக் கோவையாக உள்ளே மாற்றி அனுப்பும் முறை 2003-இலேதான் நியமமாயிற்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கிஹான் டயஸ் முதலானோரின் முயற்சியால் 1990-இல் 'எல்கே' பின்னொட்டைப் பெற்ற எமது நாடு, 2010-இல் 'இலங்கை' என்னும் தமிழ்ப் பின்னொட்டையும் அதற்கிணையான சிங்களப் பின்னொட்டையும் ஒருங்கே பெற்றது. 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்னும் தமிழ்ப் பின்னொட்டுகள் 2011-இல் வந்தன. பட்டியலிற் பெயர் ஏறியது, பழக்கத்தில் ஏறவில்லை. தமிழ் முகவரியை மின்னஞ்சற் படிவங்கள் பல இன்னும் பிழையெனத் தள்ளுகின்றன. எம்மவரும் தமிழ்ப் பாடசாலைக்கு ஆங்கில எழுத்திலே பெயர் தேடுவதையே இயல்பெனக் கொண்டுள்ளனர்.

அங்ஙனமாயின், புதிய பின்னொட்டுகள் வாங்கத்தக்கனவா? எமது விடை இது. அச்சத்தினால் வாங்குதல் வேண்டா. ஒரு பெயரை நூறு பின்னொட்டுகளிற் காத்துக்கொள்ள எந்தப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் பணமில்லை, தேவையுமில்லை. பின்னர் விலையேறும் என்ற ஆசையினாலும் வாங்குதல் வேண்டா. அவ்விலையேற்றம் முதலிற் சென்றடைவது பதிவகத்தின் பெட்டியையே. கடையிற் காட்டும் முதலாண்டு விலையை விட்டு, புதுப்பிக்கும் விலையைக் கேட்டறிதல் வேண்டும். அதனினும் மேலாக, அப்பின்னொட்டு எவர் கையிலிருக்கிறது, அவர் எவருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர் என்று கேட்டறிதல் வேண்டும். சமூகத்துக்குப் பதில் கூறும் பதிவகத்தின் கீழுள்ள பெயர் பழையதாயினும் புதியதாயினும் ஏற்புடையது. 'கற்' அதற்கு எடுத்துக்காட்டு. எவருக்கும் பதில் கூறாத முதலீட்டாளரின் பின்னொட்டு எத்துணைக் கவர்ச்சியுடையதாயினும், நாம் கட்டும் வீடு பிறர் காணியிலேயே நிற்கும். பெயரை ஒரு தனியாளின் பேரிலன்றி அமைப்பின் பேரிற் பதிந்துவைப்பதும் அவசியமாகும்.

எமக்கென உள்ள தமிழ்ப் பின்னொட்டைப் பயன்படுத்துவது வேறு வகைப்பட்டது. இன்று அதனைப் பதிவோருக்குச் சில இடர்ப்பாடுகள் உண்டு. இலத்தீன் எழுத்து முகவரி ஒன்றையும் உடன் வைத்திருப்பதே விவேகம். ஆயினும் பெயரின் பெறுமதி அதைப் பயன்படுத்துவோரின் உழைப்பிலே பிறக்கிறது என்பதே இதுகாறும் கண்ட வரலாற்றின் சாரம். அவ்வுழைப்பை 'கொம்'முக்கும் 'சொப்'புக்கும் அளித்துவந்த எம்மவர், அதிலொரு பங்கை எம் எழுத்திலமைந்த பொதுப் பதிவேட்டுக்கு அளிப்பாராயின், அதன் பெறுமதி எமதாகவே நிற்கும். மாணவர் தாம் தொகுக்கும் ஊர் வரலாற்றை, ஆசிரியர் தாம் எழுதும் பாடக்குறிப்பை, வாசிகசாலை தன் நூற்பட்டியலைத் தமிழ் முகவரியின் கீழ் வெளியிடலாம். அம்முகவரியை ஏற்காத படிவங்களையும் சேவைகளையும் பெயர் சுட்டிக் கண்டித்து எழுதலாம். அத்துடன், எமது நாட்டின் பதிவேடு என்றும் பொதுச்சேவையாகவே இருத்தல் வேண்டும் என்னும் கோரிக்கையை, அதனை விற்க எவரும் நினைப்பதற்கு முன்பே எமது சங்கங்கள் தம் தீர்மானங்களில் எழுதிவைத்தல் வேண்டும்.